பலெர்மோவில் நீங்கள் இருந்த வீடு

எப்போது ஃபோன் எடுத்தாலும் "என்னடி பிள்ளை" என்று தொடங்குகிற என் அன்ரன் அண்ணைக்கு,

நீங்கள் ஒழுங்கு செய்துவைத்த பயணத்தை நானும் அண்ணியும் போய்வந்துவிட்டோம். ஓம், நாங்கள் இரண்டு பேரும்தான். உங்களுக்குச் சிரிப்பு வரும். உங்கள் அடக்கப் பூசையில்கூடப் பக்கத்தில் பக்கத்தில் இருக்காத நாங்கள், பலெர்மோவில் நான்கு நாட்கள் ஒரே அறையில் படுத்து, ஒரே குடைக்குள் நடந்து, ஒருவர் உரித்த தோடம்பழத்தை மற்றவர் தின்று திரும்பியிருக்கிறோம்.

கோயில் மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். மூன்று தரம் தொடங்கினேன். "அமரர் அன்ரன் அவர்கள் மன்னாரில் பிறந்து" என்று எழுதியதும் கை நின்றுவிடுகிறது. அந்த அமரர் யாரோ ஒரு ஆள். உங்களைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை, உங்களுக்கு எழுதத்தான் வருகிறது. ஆகவே இதையே கொடுக்கப் போகிறேன், வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். லண்டனில் இல்ஃபோர்டிலும் டூட்டிங்கிலும் நீங்கள் குளிர்ப்பெட்டி திருத்திக் கொடுத்த கடைக்காரர் எல்லோருக்கும் உங்களைத் தெரியும். ஆனால் உங்கள் இருபத்திரண்டாவது வயதில் ஒரு குளிர்காலம் முழுக்க நீங்கள் எங்கே படுத்தெழும்பினீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கே தெரிந்திருக்கவில்லை.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வேலை செய்கிற மருந்துக்கடையில் கோட்டைக் கழற்றிக் கொழுவி ஒரு மணித்தியாலம் ஆகியிருக்காது. அண்ணி ஃபோன் எடுத்தார். "ஸ்ரெல்லா, அண்ணை எங்களை விட்டுட்டுப் போயிட்டார்" என்றார். எனக்கு விளங்கவில்லை. நீங்கள் வெள்ளிக்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உங்களோடு கதைத்தபோது என்ன சொன்னீர்கள்? "சும்மா செக்கப்புக்கு வந்தனான். நீ அலைஞ்சு வராதை. நாளைக்கு வீட்டை போயிடுவன்." நான் நம்பினேன். சின்ன வயதிலிருந்து நீங்கள் சொன்ன எதைத்தான் நான் நம்பாமல் விட்டேன்?

டூட்டிங்கில் ரயில் ஏறி, இடையில் மாறி, நான் வந்து சேர்ந்தபோது உங்கள் கை குளிர்ந்துவிட்டது. அண்ணி கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்றார். "ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை? நாலு நாள் இருந்திருக்கு, ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம். முப்பத்தோராம் நாள் பூசைக்கு உங்கள் செவன் கிங்ஸ் வீட்டுக்கு வந்தேன், சனத்துக்குத் தேத்தண்ணி கொடுத்தேன், கோப்பை கழுவினேன், போய்விட்டேன். அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. என் சொந்த அண்ணனின் கடைசி மூச்சை என்னிடமிருந்து ஒளித்துவைத்த பெண் என்றுதான் அவரை நினைத்தேன். நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்து ஏசியிருப்பீர்கள். ஏச ஆள் இல்லாத வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது தெரியுமா?

ஜனவரி தொடக்கத்தில் அண்ணியே ஃபோன் எடுத்தார்.

"ஸ்ரெல்லா, அவர் ரெண்டு ரிக்கற் போட்டு வைச்சிருக்கிறார். பலெர்மோவுக்கு. இந்த மாதக் கடைசியில. எனக்குத் தெரியாமல் புரட்டாதியிலயே போட்டிருக்கிறார், இப்பத்தான் ஜெரோம் அவரின்ரை ஈமெயிலில கண்டவன்."

"மகனையே கூட்டிக்கொண்டு போங்கோவன் அண்ணி."

"அவனுக்கு லீவு இல்லை. பேரை மாத்தலாமாம். நீ வாறியா? தனியப் போக எனக்குப் பயமா இருக்கு. போகாமல் விடவும் ஏலாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆனால் ஃபோனை வைத்தவுடனேயே எனக்குத் தெரியும், நான் போவேன் என்று. அண்ணிக்காக அல்ல. நீங்கள் எழுதிய அந்தக் கடிதங்களுக்காக.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. லண்டனுக்கு என்று வெளிக்கிட்ட நீங்கள் வழியில் இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் நின்றுவிட்டீர்கள், ஏழு மாதம். காசு வாங்கிக் கூட்டிவந்த ஏஜென்ட் உங்களை அங்கே விட்டுவிட்டு மறைந்துவிட்டான் என்பதெல்லாம் பிறகு பெரியவர்கள் கதைத்துக் கேட்டது. எனக்கு வந்தது கடிதங்கள் மட்டும். நீல நிறக் காகிதத்தில் உங்கள் குண்டு எழுத்து. "பிள்ளை, அண்ணைக்கு இங்கே கடலுக்கு முன்னால் ஒரு சின்ன வீடு கிடைத்திருக்கிறது. வெள்ளையும் நீலமும் பூசிய வீடு. கதவைத் திறந்தால் மணல். இந்தக் கடற்கரை முழுக்க எனக்கு மட்டும்தான், வேறு ஒருவரும் வருவதில்லை. ஒவ்வொரு நாளும் விடிய ஒரு மனிதர் விசிலடித்துக்கொண்டு வந்து என்னை எழுப்பிவிடுவார்." வகுப்பு முழுக்க அதை வாசித்துக் காட்டினேன். என் அண்ணனுக்கு வெளிநாட்டில் கடற்கரை வீடு, எழுப்பிவிட வேலைக்காரன் வேறு. ஒரு வருடம் நான் நிலத்தில் நடக்கவில்லை, அண்ணை.

லண்டனுக்கு நானும் வந்து சேர்ந்த பிறகு, அந்த வீட்டைப் பற்றி எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். நீங்கள் எப்போதும் ஒரே பதில். "மாரியிலதான் போகவேணும் பிள்ளை. சனம் இல்லாத நேரம்தான் அந்த ஊர் வடிவு. ஒரு நாளைக்குக் கூட்டிக்கொண்டு போறன்." பிறகு பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

விமானத்தில் பாதிக்கு மேல் காலி. அண்ணி யன்னல் பக்கம், நான் நடைபாதைப் பக்கம், நடுவில் ஒரு வெற்று இருக்கை. நீங்கள் அதில்தான் இருந்தீர்கள் என்று அண்ணி பிறகு சொன்னார். நான் அப்போது புத்தகம் வாசிக்கிறது போல இருந்தேன்.

பலெர்மோ எங்களை எதிர்பார்க்கவில்லை, அண்ணை. அதுதான் அதன் வடிவு, அதன் அழகு என்று நினைக்கிறேன். கோடையில் ஆட்களுக்காக எழுந்து நிற்கிற ஒரு ஊர், மாரியில் வீட்டு உடுப்போடு படுத்திருக்கிறது. தெருவோரம் முழுக்கத் தோடை மரங்கள். செம்மஞ்சள் பழங்கள் ஈரக் கல்லில் விழுந்து கிடந்தன, ஒருவரும் பொறுக்கவில்லை. அண்ணி ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கசப்பு. பிறகுதான் தெரிந்தது அவை தின்கிற பழம் இல்லையாம். ஐஸ்கிரீம் கடைகளின் கதவில் கையால் எழுதிய காகிதம், பங்குனியில் சந்திப்போம் என்று. கடற்கரை வீதியில் ஒரு குடைராட்டினம் தார்ப்பாயால் மூடிக் கட்டியிருந்தது. காற்று அடிக்க, தார்ப்பாய்க்குள் குதிரைகள் மூச்சு விடுவது போல இருந்தது.

ஹோட்டலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். வரவேற்பில் இருந்த அம்மா எங்களுக்காக ஒரு மாடிக்கு மட்டும் ஹீற்றரைப் போட்டுவிட்டிருந்தார். காலைச் சாப்பாட்டு அறையில் முப்பது மேசை இருக்கும். இருபத்தொன்பதில் கதிரைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நடுவில் எங்கள் மேசைக்கு மட்டும் வெள்ளை விரிப்பு, ஒரு பூ. அந்தக் கதிரைக் காட்டுக்குள் இரண்டு கறுப்பு உடுப்புப் பெண்கள், ஒன்றும் பேசாமல் பாண் தின்கிறோம். அண்ணிதான் முதலில் சிரித்தார். "மற்ற ஆக்கள் எல்லாம் காலைத் தூக்கிக்கொண்டு தூங்கினம்" என்றார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு கோபத்தைத் திரும்பப் போட்டுக்கொள்வது எவ்வளவு கஷ்டம்!

இரண்டு நாள் அப்படியே நடந்தோம். எங்கே போகிறோம் என்று ஒருவரையொருவர் கேட்கவில்லை. ஒடுங்கின தெருக்கள், மழையில் நனைகிற துணிகளை எடுக்க மறந்த பல்கனிகள், திடீரென்று தெரு முடிவில் ஒரு துண்டுக் கடல். கடலைமாவில் செய்து பொரித்த ஒரு தட்டைப் பலகாரத்தைப் பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள், எலுமிச்சம்புளி விட்டு. அதைத் தின்றுகொண்டே நடந்தோம். ஒரு கோயிலுக்குள் போனோம். ஒருவர் தனியாகத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அண்ணி உங்களுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். நான் இன்னொன்று கொளுத்தினேன், கொஞ்சம் தள்ளி. பிற்பகல் நான்கு மணிக்கு மழை விட்டு, சுவர்கள் எல்லாம் பழுத்த பப்பாசிப்பழ நிறமாக மாறின. அந்த நிறம் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் எங்கேயோ பக்கத்துத் தெருவில், இருபத்திரண்டு வயதுப் பெடியனாக, கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நடக்கிறீர்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. மூலையால் திரும்பினால் கண்டுவிடலாம். திரும்பினேன். ஒரு பூனை இருந்தது.

மூன்றாம் நாள் காலை, கோப்பி குடிக்கும்போது அண்ணி சொன்னார், "இண்டைக்கு அந்த வீட்டைப் பாக்கப் போவம்."

"உங்களுக்கு இடம் தெரியுமா?"

"அவர் சொன்னவர். பஸ் போற கடைசி இடம் எண்டு. அதுக்குப் பிறகு நடக்கவேணும்."

பஸ்ஸில் இருக்கும்போதே மனதில் அந்த வீட்டைக் கட்டிவிட்டேன். ஓடு போட்ட கூரை, நீல யன்னல், வாசலில் ஒரு சாடிச் செடி. இப்போது அதில் யார் இருப்பார்கள்? கதவைத் தட்டி, என் அண்ணன் இந்த வீட்டில் இருந்தவர் என்று சொன்னால் உள்ளே விடுவார்களா?

பஸ் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. நீண்ட மணல். ஒரு மனிதக் கால்தடம்கூட இல்லை. கடல் சாம்பலும் பச்சையுமாக, மெதுவாக, யாருக்கும் காட்ட வேண்டிய அவசியம் இல்லாதது போல வந்து வந்து போனது. மணலின் ஓரத்தில் வரிசையாக மரப்பெட்டிகள் நின்றன. கோடையில் குளிக்க வருகிறவர்கள் உடுப்பு மாற்றுகிற சின்னச் சின்ன அறைகள். வெள்ளைப் பலகை, நீலக் கதவு. வர்ணம் உரிந்திருந்தது. நான் அவற்றுக்குப் பின்னால் வீட்டைத் தேடினேன். பின்னால் ஒரு மதிலும் பற்றைக்காடும்தான்.

"எங்கை அண்ணி வீடு?"

அண்ணி அந்தப் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நடந்தார். கடைசிக்கு முதல் பெட்டியின் முன்னால் நின்றார். "இதுதான் ஸ்ரெல்லா" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அண்ணி பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். வெள்ளையும் நீலமும் பூசிய சின்ன வீடு. கதவைத் திறந்தால் மணல். கடற்கரை முழுக்க உங்களுக்கு மட்டும்.

நீங்கள் ஒரு பொய்கூட எழுதவில்லை, அண்ணை.

அந்த வரிசையின் மற்ற அந்தத்தில் ஒருவர் பழைய வர்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும், கம்பளித் தொப்பி. எங்களைக் கண்டு வந்தார். மூடியிருக்கிறது, கோடையில் வாருங்கள் என்று கையால் காட்டினார். அண்ணி ஃபோனை எடுத்து நடுவில் பிடித்தார். நாங்கள் ஆங்கிலத்தில் சொல்ல அது இத்தாலி மொழியில் சொன்னது, அவர் சொல்ல அது ஆங்கிலத்தில் சொன்னது. காற்றில் பாதி பறந்துபோனது. மூன்று பேரும் அந்தச் சின்னக் கருவியின் மேல் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

என் கணவர் இதில் ஒரு குளிர்காலம் படுத்திருக்கிறார் என்று அண்ணி சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றினார்.

இலங்கைப் பெடியன்கள்தானே, என்றார். அந்த வருடங்களில் மாரியில் சிலர் வந்து படுப்பார்களாம். அவருடைய தகப்பன்தான் அப்போது இங்கே காவல்காரர். யாரும் உள்ளே படுக்கிறார்களா என்று ஒவ்வொரு காலையும் பார்க்கச் சொல்லி முதலாளியின் கட்டளை. பார்த்தால் பொலிசுக்குச் சொல்ல வேண்டும். ஆகவே தகப்பன் வீதியில் இறங்கும்போதே சத்தமாக விசிலடிக்கத் தொடங்கிவிடுவாராம். அவர் வந்து சேரும்போது எல்லாக் கதவும் சாத்தியிருக்கும், உள்ளே ஒருவரும் இருக்கமாட்டார்கள். நான் ஒருவரையும் காணவில்லை என்று முதலாளியிடம் உண்மையைச் சொல்லலாம். "எங்கள் அப்பாவுக்கு விசிலடிக்கவே வராது" என்று சொல்லிச் சிரித்தார். "இங்கே வந்துதான் பழகினார்."

உங்களை அவருக்கு ஞாபகம் இல்லை, அண்ணை. பெயரைச் சொன்னோம், படத்தைக் காட்டினோம். நேரம் எடுத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். ஞாபகம் இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் மற்றதை நம்பினேன்.

அவர் கொளுக்கியைத் தட்டிக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே உட்கார ஒரு பலகை வாங்கு, சுவரில் உடுப்புக் கொழுவுகிற நாலு ஆணி, ஈரமும் உப்பும் கலந்த வாசம். நான் உள்ளே போய்த் தரையில் இருந்தேன். காலை நீட்டினேன். எனக்கே முட்டியது. நீங்கள் ஆறடி. கதவுக்கு வெளியே மணல், மணலுக்கு அப்பால் அலை. தை மாதக் காற்று பலகை இடுக்குகளால் என் முதுகில் பட்டது. உங்களிடம் போர்வை இருந்ததா? எங்கே குளித்தீர்கள், என்ன தின்றீர்கள்? ஒரு கடிதத்தில் "இன்றைக்கு நல்ல மீன் சாப்பிட்டேன்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த "இன்றைக்கு" என்கிற சொல்லை நான் ஏன் கவனிக்கவில்லை? முழங்காலில் காகிதத்தை வைத்து, எந்த வெளிச்சத்தில் எழுதினீர்கள்?

அண்ணி வெளியே படியில் இருந்தார், கடலைப் பார்த்துக்கொண்டு.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"கலியாணம் கட்டி முதல் மாரி. முழங்காலை மடக்கிக்கொண்டுதான் படுப்பார். இவ்வளவு பெரிய கட்டில் இருக்கு, காலை நீட்டிப் படுங்கோவன் எண்டன். அப்பத்தான் சொன்னவர். கடைசிமட்டும் அப்பிடித்தான் படுத்தவர், ஸ்ரெல்லா. நீட்டத் தெரியேல்லை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை? இத்தினை வருசமா?"

"உன்னட்டைச் சொல்லிப்போடாதை எண்டவர். அவள் பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள், அண்ணைக்குக் கடற்கரையில வீடு எண்டு. அந்த வீட்டை இடிச்சுப்போடாதை எண்டவர்."

நான் பலகைச் சுவரில் முதுகைச் சாய்த்தேன். பிறகு அண்ணி திரும்பாமலே சொன்னார்.

"ஆஸ்பத்திரியிலயும் அதைத்தான் செய்தவர்."

"என்ன?"

"வெள்ளிக்கிழமையே டொக்ரர் சொல்லிப்போட்டார், இருதயம் நல்லாப் பழுதாப் போச்செண்டு. உனக்கு அடிக்க ஃபோனை எடுத்தனான். பறிச்சுத் தலையணைக்குக் கீழை வைச்சிட்டார். 'அவள் வந்தால் நான் அழுதிடுவன். நான் அழுது அவள் ஒருநாளும் கண்டதில்லை' எண்டார். ஒவ்வொரு நாளும் கேட்டன். திங்கட்கிழமை பின்னேரம்தான், 'சரி, நாளைக்கு விடியச் சொல்லு' எண்டார்." அண்ணி படியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "விடிஞ்சு கொஞ்ச நேரத்தில அவர் இல்லை. நான் உனக்குச் சொல்லியிருக்கவேணும். அவரின்ரை சொல்லைத் தட்டியெண்டாலும் சொல்லியிருக்கவேணும். ரெண்டு மாதமா அதுதான் என்னைத் தின்னுது."

"அண்டைக்கு நான் கேட்டேக்கை ஏன் இதைச் சொல்லேல்லை அண்ணி?"

"சொன்னால் நீ அவரிலை கோவிச்சிருப்பாய். போன மனிசனிலை கோவிச்சு என்ன செய்வாய்? நான் இருக்கிறன்தானே. என்னிலை கோவிச்சால் நான் தாங்குவன்."

அண்ணை, நான் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து தவழ்ந்துதான் வெளியே வந்தேன், கால் மரத்துப்போய். வந்து அண்ணியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். அடக்கத்தன்று அழாதவர் அவர், உங்களுக்குத் தெரியுமா? ஒரு சொட்டுக்கூட இல்லை. கல் மாதிரிப் பெண் என்று சனம் கதைத்தது, நானும் சேர்ந்து கதைத்தேன். அந்தச் சனம் இல்லாத கடற்கரையில்தான் அவர் உங்களுக்காக வாய்விட்டு அழுதார். வர்ணக்காரர் இரண்டு சின்னக் கோப்பையில் கோப்பி கொண்டுவந்து மணலில் வைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல், தன் வேலைக்குப் போனார். சுரண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெயில் சரியும்வரை இருந்தோம். மழை முகில் விலகி, கடல் ஒரு பக்கம் வெள்ளியும் ஒரு பக்கம் ஊதாவுமாகக் கிடந்தது. "வடிவுதான், என்ன?" என்று அண்ணி கேட்டார். "வடிவு எண்டும் சொன்னவர். பசி, குளிர், பயம் எல்லாம் சொல்லிப்போட்டு, ஆனால் விடியக் கதவைத் திறக்கிற நேரம் மட்டும் ஒரு ராசா மாதிரி இருக்குமெண்டு சொன்னவர்." அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பதின்மூன்று வயதில் நான் நம்பியது முழுக்கப் பிழை இல்லை, அப்படித்தானே?

ஆனால் உங்களில் எனக்குக் கோபம். அண்ணி இவ்வளவு நாள் தாங்கியது போதும், இனி அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னைச் சின்னப் பிள்ளையாகவே வைத்திருந்தீர்கள். உங்கள் சந்தோசத்தை எனக்குத் தந்தீர்கள், உங்கள் கஷ்டத்தை அண்ணிக்குத் தந்தீர்கள். எனக்குப் பாதி அண்ணன், அவருக்குப் பாதி புருசன். இப்போது நாங்கள் இரண்டு பேரும் இருந்து பொருத்திப் பார்க்கிறோம். பஸ்ஸில் வரும்போது தொடங்கினோம், அவர் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல. திரும்பி வருகிற விமானத்தில் அந்த நடு இருக்கையில் நான் போய் இருந்துகொண்டேன்.

அங்கேதான் நான் என் கதையையும் சொன்னேன். உங்களுக்கும் இன்னும் சொல்லவில்லை. மார்கழியில் என் இடப்பக்க மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. டொக்ரரிடம் போனேன். இன்னும் பரிசோதனை வேண்டும் என்று கடிதம் வந்தது. அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். லீட்ஸில் படிக்கிற மகள் ஷாமினி ஒவ்வொரு இரவும் ஃபோன் எடுத்து "அம்மா ஓகேயா" என்று கேட்பாள். "நல்லா இருக்கிறன், இண்டைக்கு நல்ல வெயில்" என்பேன். அந்தக் கடற்கரையில் இருந்தபோதுதான் என் குரல் எனக்கே கேட்டது. வெயில் இருந்தது உண்மைதான்.

முகிலுக்கு மேலே எங்கேயோ பறந்துகொண்டிருக்கும்போது அண்ணியிடம் சொன்னேன். அவர் சீற் பெல்ற்றைக் கழற்றிவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"எத்தினை நாளாய்?"

"மார்கழி தொடக்கம்."

"அண்ணைக்கும் தங்கச்சிக்கும் ஒரே அச்சு! அறைஞ்சிடுவன் உன்னை." பக்கத்து வரிசை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் கவலை இல்லை. "எண்டைக்கு அப்பொயின்ற்மென்ற்?"

"வாற திங்கள். போகாமல் விடுவம் எண்டு..."

"போறம்" என்றார். "ரெண்டு பேரும் போறம்."

போனோம். செவன் கிங்ஸிலிருந்து அந்தக் காலைக் குளிரில் வந்து, ஏழு மணிக்கு என் கதவைத் தட்டினார், கையில் பிளாஸ்கில் தேத்தண்ணி. ஊசி போட்டுச் சதை எடுக்கும்போது திரைக்கு வெளியே இருந்தார். நான் வெளியே வந்ததும், நோகுதோ என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு, "ஓம் அண்ணி, நோகுது" என்றேன். அந்த ஒரு சொல் சொல்ல எனக்கு இவ்வளவு வயது ஆகியிருக்கிறது.

இனி இங்கத்தைய புதினம். ஜெரோம் தாயைத் தன்னோடு மன்செஸ்ரருக்கு வரச் சொன்னான். அண்ணி மாட்டேன் என்றுவிட்டார், கோயிலையும் என்னையும் விட்டுவிட்டுப் போக ஏலாதாம். குளிர்ப்பெட்டி திருத்துகிற உங்கள் ஆயுதப்பெட்டியை அவன்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், ஒரு ஆணி திருகத் தெரியாத பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய நான் அண்ணி வீட்டில்தான் சாப்பாடு. கறி சமைத்துக்கொண்டே சண்டை பிடிக்கிறோம், உப்புக்கு, புளிக்கு, உங்களுக்கு எது பிடிக்கும் என்பதற்கு. வெளியே வீதியில் மழை. சில நேரம் கதவு தட்டுகிற மாதிரி இருக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதையை நிறுத்துவோம். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரித் தொடருவோம்.

பரிசோதனை முடிவு வியாழக்கிழமை சொல்வார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணை. இதை உங்களுக்குச் சொல்வது இதுதான் முதல் தரம். அரைவாசி இரவு நித்திரை இல்லை. காலையில் மருந்துக்கடையில் மற்றவர்களுக்கு மருந்தின் பெயரை வாசித்துச் சொல்லும்போது என் நாக்கு தடக்குகிறது.

ஒரு வாக்குத் தருகிறேன், கேளுங்கள். வியாழக்கிழமை அவர்கள் என்ன சொன்னாலும், அன்றைக்கே ஷாமினிக்குச் சொல்லுவேன், முழுசாக. வா என்று கூப்பிடுவேன். நல்லதைப் பொறுக்கி அவளுக்குத் தந்துவிட்டு மிச்சத்தை ஒளிக்க மாட்டேன். அழுகை வந்தால் அவளுக்கு முன்னாலேயே அழுவேன், அண்ணிக்கு முன்னாலேயும். தாய் அழுததைக் கண்டு பிள்ளை உடைந்துபோக மாட்டாள். நானும் உடைந்திருக்க மாட்டேன், அண்ணை. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, நீங்கள் அழுது முடியும்வரை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன். அவ்வளவுதான் செய்திருப்பேன்.

இனி வளர்ந்துவிட்ட
உங்கள் கடைசித் தங்கச்சி,
ஸ்ரெல்லா